9,000 ரூபாய் பார்ட்ஸ் வீட்டுக்கு வரும்போது 16,685 ரூபாய் ஆவது எப்படி?

பழைய யமஹா ஆர்டி 350 வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. சென்னை ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கியாச்சு, புதுப்பேட்டையிலும் தேடியாச்சு. ஒரிஜினல் பார்ட்ஸ் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் அதே பாகம் 100 டாலருக்குக் கண்ணில் படுகிறது. 'அவ்ளோதானா?' என்று ஆர்டர் போட்டுவிடுகிறோம். சில நாள் கழித்து கூரியர் நிறுவனத்திடமிருந்து மெசேஜ் வருகிறது: சுங்க வரி கட்டினால்தான் பார்சல் வீட்டுக்கு வரும்.

ஓசூரில் டிவிஎஸ், ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு, வல்லம் வடகாலில் யமஹா என்று பைக் ஆலைகள் நிறைந்த மாநிலம் இது. ஆனால், அவை தயாரிப்பது இன்றைய மாடல்களை. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. ஆர்டி 350 அதற்கும் முன்பே நின்றது. அந்த பைக்குகளுக்கு ஒரிஜினல் பாகம் வேண்டுமென்றால் பல நேரம் வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலை எப்படி ஏறுகிறது?

ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025 தொடக்கத்தில் 86 ரூபாய்க்குக் கீழே இருந்த டாலர், டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. ஆக, 100 டாலர் பாகம் 9,000 ரூபாய். கூரியர் கட்டணம் 40 டாலர், அதாவது 3,600 ரூபாய் என்று கொள்வோம்.

சுங்கத் துறை பொருளின் விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை. போக்குவரத்துச் செலவையும் இன்சூரன்ஸையும் சேர்த்த மதிப்புக்குத்தான் வரி. இதில் வாங்குபவருக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது. விமானத்தில் வரும் சரக்குக்கு, போக்குவரத்துச் செலவாகப் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது. எனவே, 3,600 ரூபாய் கொடுத்திருந்தாலும் கணக்கில் சேர்வது 1,800 ரூபாய்தான். இன்சூரன்ஸ் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம், அதாவது சுமார் 101 ரூபாய். வரிக்கான மதிப்பு: 10,901 ரூபாய்.

இதன் மேல் அடிப்படை சுங்க வரி 15 சதவீதம்: 1,635 ரூபாய். அந்த வரியின் மேல் 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரி: சுமார் 164 ரூபாய். இவை எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் 18 சதவீத ஐஜிஎஸ்டி: 2,286 ரூபாய். மொத்த வரி சுமார் 4,085 ரூபாய். பாகம், கூரியர், வரி மூன்றும் சேர்ந்தால் 16,685 ரூபாய். நமக்காக வரியை முன்கூட்டியே கட்டியதற்குக் கூரியர் நிறுவனம் கேட்கும் சேவைக் கட்டணம் தனி.

இதுவே முன்பைவிடப் பரவாயில்லை. 2025 செப்டம்பர் 21 வரை பைக் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். அப்போது இதே பார்சலுக்கு சுமார் 1,270 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

எல்லோருக்கும் இதே வரிதானா?

இல்லை. பார்சல் 'தனிநபர் பயன்பாட்டுக்கான பொருள்' என்ற தலைப்பில் பதிவானால் அடிப்படை சுங்க வரி விகிதம் வேறு. இதை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக 2026 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அதனால், எந்தத் தலைப்பில் பதிவு செய்கிறார்கள் என்று கூரியர் நிறுவனத்திடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

'கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லலாமா?'

வேண்டாம். 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருளுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. விலையைக் குறைத்துக் காட்டினால் சுங்க அதிகாரிகள் மதிப்பைத் திருத்தலாம், அபராதம் விதிக்கலாம், பொருளைப் பறிமுதலும் செய்யலாம்.

இன்னொரு பொறி, செகண்ட் ஹேண்ட் பாகம். பயன்படுத்திய பொருள்களை இறக்குமதி செய்ய பொதுவாக அரசின் அனுமதி தேவை. 'யூஸ்டு, ஒரிஜினல்' என்று மலிவாகக் கிடைக்கும் டேங்க் சுங்கத்திலேயே மாட்டிக்கொள்ளலாம்.

பெயின்ட் மட்டும் ஏன் வருவதில்லை?

இங்கே சிக்கல் வரி அல்ல, தீ. கரைப்பான் கலந்த பெயின்ட், ஐ.நா. பட்டியலில் யுஎன் 1263 என்ற எண்ணில், தீப்பற்றும் திரவம் என்ற மூன்றாம் வகுப்பில் வருகிறது. ஸ்ப்ரே கேன்களுக்குத் தனி எண், யுஎன் 1950. தபாலில் இவற்றை அனுப்பவே முடியாது. முறையான அபாயச் சரக்காக அனுப்பினால் ஒரு டப்பா பெயின்ட்டைவிட அதன் பேக்கிங், ஆவணச் செலவு அதிகமாகிவிடும்.

ஆனால், பெயின்ட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. டப்பா எல்லை தாண்ட வேண்டியதில்லை, நிறத்தின் கோட் வந்தால் போதும். அந்த கோடைக் கொண்டு, வாகன பெயின்ட் கலக்கும் கடையில் உள்ளூரிலேயே நிறத்தைத் தயாரிக்கலாம். கோட் இல்லையென்றால், வெயில் படாத பகுதியை, உதாரணமாக சீட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் பேனலை, நிறம் அளக்கும் கருவியில் காட்டலாம். கேண்டி நிறம் என்றால் கூடுதல் கவனம் தேவை. அடியில் சில்வர், நடுவில் நிறம், மேலே கிளியர் கோட் என்று மூன்று அடுக்கு அது. நடு அடுக்கு ஒரு கோட் கூடினாலும் நிறம் மாறிவிடும். அதனால், டேங்கில் அடிக்கும் முன் ஒரு தகட்டில் அடித்து, வெயிலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வரி யாரைக் காக்கிறது?

15 சதவீத சுங்க வரிக்கு அரசு தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. லூதியானாவிலும் ராஜ்கோட்டிலும் இருக்கும் சிறு உற்பத்தியாளர்கள் பழைய பைக்குகளுக்கும் பாகங்கள் செய்கிறார்கள். கேபிள், ரப்பர், லீவர் போன்றவற்றில் அவர்களுடைய தயாரிப்பே போதும். வெளிநாட்டிலிருந்து இவற்றை வரவழைப்பது வீண் செலவு. ஆனால், இங்கே யாருமே தரமாகச் செய்யாத பாகத்துக்கும் அதே வரிதான். அங்கே காப்பாற்றப்படும் உள்ளூர்த் தொழில் எதுவும் இல்லை. விலை ஏறுவதால் போலி ஒரிஜினல் ஸ்டிக்கர் ஒட்டி விற்பவருக்குத்தான் லாபம். போலி பிஸ்டன் நெடுஞ்சாலையில் சீஸ் ஆனால் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன? இன்ஜினுக்குள் போகும் முக்கியப் பாகத்தை மட்டும் வெளியிலிருந்து வாங்கலாம். உங்களுக்குத் தேவையான பாகங்களை ஒரே ஆர்டரில் போட்டால் கூரியர் செலவு பங்கு பிரியும். நண்பர்களுக்கும் சேர்த்து ஒரே பாகத்தில் பல செட் வாங்கினால் கவனம்: அது வியாபாரமாகத் தெரிந்தால் இறக்குமதியாளர் எண் கேட்பார்கள். ஆர்டர் போடும் முன், தளத்தில் தெரியும் விலையோடு கூரியரையும் வரியையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கும் அந்தப் பாகம் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் பட்டனை அழுத்துங்கள்.