யார் கழற்றிய சட்டை?

இன்ஸ்டாகிராமில் 'ப்ரீ-லவ்டு' என்ற பெயரில் பழைய பர்பெரி கோட்டுகள் ஆயிரக்கணக்கில் விலைபோகின்றன. பழைய துணி வாங்குவது நல்லதுதான். பணம் மிச்சம், தண்ணீரும் மிச்சம். அதில் சண்டையில்லை.

ஆனால் இந்த நாட்டில் பழைய துணிக்கு ஒரு சட்டமே இருந்தது. மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் சண்டாளருக்குப் பிணத்தின் துணியையும், சூத்திரருக்கு எசமான் உடுத்திக் கழித்ததையும் விதிக்கிறது. பண்டிகைக்கு ஊர்த்தெருவில் வாங்கிய பழைய வேட்டியை நம் தாத்தாக்கள் யாரும் 'விண்டேஜ்' என்று சொன்னதில்லை.

டெல்லியில் வாக்ரி சமூகப் பெண்கள் வீடுவீடாகப் போய், பாத்திரம் கொடுத்துப் பழந்துணி வாங்கி, விடிவதற்குள் ரகுபீர் நகர் சந்தையில் விற்கிறார்கள். கறை, கிழிசல், துணியின் தரம் எல்லாம் அவர்களுக்குக் கைப்பாடம். அதே வேலையை கேமரா முன்னால் செய்தால் 'க்யூரேட்டர்' ஆகிவிடலாம்!

புதுசு உடுத்தினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2012இல் தர்மபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்ட பிறகு, ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு தலித் இளைஞர்கள் பெண்களை மயக்குவதாகப் பேசினார் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ். எரிந்த வீடுகளைவிட ஜீன்ஸ்தான் அவர் கண்ணை உறுத்தியது.

ஆகவே தோழர்களே, உதவித்தொகை வந்ததும் புதுச்சட்டை எடுக்கும் முதல் தலைமுறை மாணவரிடம் நுகர்வுவெறி பற்றி வகுப்பெடுக்காதீர்கள். வேறு யாரும் உடுத்தாத சட்டை அவர் வீட்டுக்குள் இப்போதுதான் வந்திருக்கிறது.