காய்ச்சிக் குடித்தலும் கைகழுவுதலும்

நீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்பது தோட்டப்புறத்துக்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் உபதேசம். வயிற்றோட்டமோ செங்கண்மாரியோ தலைகாட்டும்போது பசறை மலைச்சரிவின் லயன்களுக்கும் இதுவே மருந்தெனக் கூறப்படும். உபதேசம் பிழையன்று, கொதித்த நீரிலே கிருமிகள் மடியும். ஆயின், விடியலிற் பிரட்டுக்குச் சென்று, பகலெல்லாம் கொழுந்து பறித்து, மாலையில் விறகு சுமந்து திரும்பும் பெண்ணின் தலைமீது நீர்வழங்கற் கடமை முழுவதையும் ஏற்றிவைப்பது எவ்வகை நீதி? மேலும், தேயிலைக்கு இடும் உரத்திலிருந்து ஊற்றிற் கலக்கும் நைத்திரேற்றைக் கொதிப்பு நீக்காது. நீர் ஆவியாகிக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும்.

தோட்டங்களுக்கு ஏற்ற எளிய வழி இல்லை என்பார்க்கு வரலாறே விடை கூறும். 1829இல் ஜேம்ஸ் சிம்சன் இலண்டனில் மெதுமணல் வடிகட்டியை அமைத்தார். 1892இல் எல்பே ஆற்றுநீரை வடிக்காது வழங்கிய ஹம்பர்க் நகரம் வாந்திபேதிக்கு 8,000க்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொடுத்தது. அதே ஆற்றுநீரை மணலில் வடித்து வழங்கிய அயல்நகர் அல்தோனா பெரும்பாலும் தப்பியது. இவ்வடிகட்டி ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆழமுள்ள மணற்படுக்கையேயாம். மணிக்கு 10 முதல் 20 சதமமீற்றர் வேகத்தில் நீர் கீழிறங்க, மணலின் மேற்பரப்பில் வளரும் உயிர்ப்படலம் கிருமிகளை அழிக்கின்றது. மின்சாரம் வேண்டா, மலைச்சரிவே நீரை இயக்கும். மாரிகாலக் கலங்கலைத் தடுக்க முன்னே ஒரு சரளைக்கல் வடிகட்டி, பின்னே சிறிதளவு குளோரின், மேல்மணலை உரிய காலத்திற் சுரண்டியெடுக்க ஊதியம் பெறும் ஒருவர்: வேண்டுவன இவ்வளவே. திறப்புவிழாக் கல்வெட்டோடு கைவிடப்படும் நீர்த்தாங்கிகளுக்கு இல்லாதது இறுதியிற் கூறியதே.

கழிவுநீரைப் புறக்கணித்துக் குடிநீரைப் பேணல் இயலாது. மலைச்சரிவில் மேல் லயத்தின் கழிவு கீழ் லயத்தின் பீலியை அடைதல் எளிது. கழிவுத்தொட்டியில் மண்டி படிந்தபின் வழியும் நீர் தெளிந்து தோன்றினும் தூயதன்று. சரளையும் நாணலும் கொண்ட படுக்கையூடாக அதனைச் செலுத்தி, குடிநீர் ஊற்றுக்குத் தொலைவில் நிலத்தில் ஊறவிடல் வேண்டும். ஊற்றைச் சூழ உரமிடாத மரச்சோலை ஒன்றை விட்டுவைத்தால் நைத்திரேற்றும் குறையும்.

வழிகள் உள, பொறுப்பாளர் யார்? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. பிரதேச சபைக்கு வாக்களித்த தோட்டத் தொழிலாளி அதன் குழாய்நீருக்கு அந்நியன் ஆனான்! 1992இல் தோட்ட முகாமைத்துவம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. 2018இல் மேற்கூறிய பிரிவும் திருத்தப்பட்டது. தூய குடிநீர் மனித உரிமையென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010இலேயே பிரகடனஞ் செய்துவிட்டது. இனியும் கம்பனி சபையைச் சுட்ட, சபை கம்பனியைச் சுட்ட இடமளித்தல் ஆகாது.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் நீருக்குப் பொறுப்பானவர் யாரென எழுத்தில் அறிவிக்கப்படல் வேண்டும். நீர்ப்பரிசோதனை முடிவு மாதந்தோறும் பிரட்டுக்களத்தில் தமிழில் ஒட்டப்படல் வேண்டும். இவ்விரண்டையும் செய்யாதார் காய்ச்சிக் குடிக்கச் சொல்வது அறிவுரையன்று, கைகழுவுதலே.