காதிரைச்சலும் ஒரு பாதி வாக்கியமும்

திருமந்திரத்தில் யோகியின் உள்ளே எழும் ஓசைகளைத் திருமூலர் பத்தாக எண்ணிச் சொல்கிறார். மணி, சங்கு, குழல், யாழ், வண்டு, கடல் என்று நீளும் அப்பட்டியலை நூலின் பெயரைச் சொல்லாமல் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினால், தம்மிடம் வரும் நோயாளிகள் சொல்பவற்றின் தொகுப்பு என்றே அவர் எண்ணக்கூடும். ஹடயோகப் பிரதீபிகையும் இத்தகைய நாதங்களைக் கேட்டு அவற்றில் மனத்தை ஒடுக்குவதை ஒரு சாதனையாக வகுத்துத் தருகிறது. சுஸ்ருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூலோ ‘கர்ணநாதம்’ என்ற பெயரில் இதைக் காது நோய்களுள் ஒன்றாக வைக்கிறது. பெரியபுராணத்துச் சேரமான் பெருமாளுக்கு நாள்தோறும் பூசையின் முடிவில் ஆடல்வல்லானின் சிலம்பொலி கேட்கும். ஒரு நாள் அது தாமதப்பட்டபோது அவர் உடைவாளை உருவித் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார்.

யோகி கேட்டதும் அடியார் கேட்டதும் நோயாளி கேட்பதும் ஒன்றே என்று நிறுவுவது என் நோக்கமன்று; அப்படி நிறுவவும் இயலாது. பிறர் காதுக்கு எட்டாத ஓர் ஓசை ஒருவருக்கு வரமாகவும் இன்னொருவருக்குத் தண்டனையாகவும் அமையலாம் என்பதை நம் மரபு அறிந்திருந்தது என்பதை மட்டுமே சொல்ல வருகிறேன். ஓசைக்கும் துயரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளாக உளவியல் வேலைசெய்து வந்திருப்பது அந்த இடைவெளியில்தான். நம் ஊர் மருத்துவ அறைகளில் அது பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.

காதிரைச்சலோடு மருத்துவரிடம் போகிறவர் பரிசோதனைகள் முடிந்ததும் வழக்கமாகக் கேட்டு வரும் வாக்கியம் ஒன்று உண்டு: “இதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள்.” இது பொய்யல்ல. ஆனால் பாதி வாக்கியம். எப்படிப் பழகுவது என்கிற மறுபாதி சொல்லப்படுவதில்லை. நீச்சல் தெரியாதவனிடம் “நீந்திக்கொள்” என்று சொல்லிவிட்டுக் கரையேறிப் போவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

முதலில் இது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். உட்செவியிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் முதுமையாலோ, பேரொலியாலோ, சில மருந்துகளாலோ சேதமுறும்போது மூளைக்குச் செல்லும் ஒலிச்செய்தி குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மூளையின் கேட்புப் பாதை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நிலையம் சரியாகக் கிட்டாத வானொலியில் ஒலியளவைத் திருகிக் கூட்டினால் இரைச்சல் பெருகுவதைப் போன்றது இது. செவி நரம்பை வெட்டிய பின்னும் பலருக்கு இரைச்சல் நின்றதில்லை. இழந்த காலில் வலியை உணர்வதன் உறவுக்காரர் இது.

இது அரிய நோயுமன்று. 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உலகின் வயதுவந்தோரில் ஏறத்தாழ 14 சதவீதத்தினர், அதாவது 74 கோடிக்கும் மேற்பட்டோர், காதிரைச்சலை அனுபவித்திருப்பதாகவும், 12 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அது கடுமையானதாக இருப்பதாகவும் மதிப்பிட்டது. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காதுக் குறையேதும் இல்லாத 80 பேரை ஒலிபுகா அறையில் அமர்த்திப் பார்த்தனர். அவர்களில் 94 சதவீதத்தினர் சில நிமிடங்களுக்குள் ஏதோ ஓர் ஒலியைக் கேட்டதாகச் சொன்னார்கள். முழு மௌனம் என்பது நம்மில் பெரும்பாலோருக்கு வாய்த்ததே இல்லை போலும்.

இதனினும் வியப்பானது மற்றொன்று. நோயாளிக்குக் கேட்கும் ஒலியை வெளியொலி ஒன்றோடு ஒப்பிட்டு அளந்தால், பெரும்பாலும் அது அவரால் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்குச் சில டெசிபல்களே மேலே நிற்கிறது. அந்த அளவுக்கும் அவர் படும் பாட்டுக்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனமானது. ஒரே அளவு இரைச்சலோடு ஒருவர் கணக்கெழுதிக் கொண்டிருக்கிறார். இன்னொருவர் உறக்கமிழந்து வேலையை விட்டுவிடுகிறார். வேறுபாட்டை விளக்க டெசிபல் போதவில்லை.

1984இல் லண்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாலம், ராக்மன், ஹின்ச்கிளிஃப் ஆகிய மூவர் இக்கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். பலருக்கு இரைச்சல் தானாகவே பின்னணிக்குப் போய்விடுகிறது. சிலருக்கு மட்டும் ஏன் போவதில்லை என்று கேட்டார்கள். ரயில் பாதையோரம் குடியிருப்பவர் நள்ளிரவு ரயிலுக்கு விழிப்பதில்லை, விருந்தாளிதான் விழித்துக்கொள்கிறார். பொருளற்றது என்று தீர்மானித்த ஒலியை மூளை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் அதே வீட்டுக்காரர் இருட்டில் சருகு அசையும் சிறு சத்தத்துக்கு எழுந்து உட்காருவார். அது பாம்பாக இருக்கலாம் அல்லவா? ஆபத்து என்று குறிக்கப்பட்ட ஒலி எவ்வளவு மெலிதாக இருந்தாலும் மூளை அதை விடுவதில்லை. 1990இல் யாஸ்ட்ரெபாஃப் முன்வைத்த நரம்பியல் மாதிரியும், 2014இல் லாரன்ஸ் மக்கென்னாவும் அவரது சகாக்களும் வகுத்த அறிவாற்றல் மாதிரியும் வெவ்வேறு மொழியில் இந்தச் சுழலையே விவரிக்கின்றன: ஒலி, அதைப் பற்றிய அச்சம், அச்சத்தால் உடலில் பதற்றம், பதற்றத்தால் கூர்ந்த கவனம், கவனத்தால் இன்னும் பெரிதாகத் தோன்றும் ஒலி.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இந்தச் சுழலில் ஈராண்டு கிடந்தார். இரவு பத்து மணிக்கு மேல் வாசிப்பது அவருடைய ஐம்பதாண்டு வழக்கம். வீடு அடங்கிய அந்த நேரமே இரைச்சல் மிகுந்த நேரமாகிவிட்டது. முதலில் வாசிப்பை விட்டார், பிறகு கச்சேரிகளை, பிறகு நண்பர்களை. காதுக்குள் ஒலி இருக்கிறதா என்று காலையில் எழுந்தவுடன் சோதிப்பது அவருடைய முதல் வேலையாயிற்று. சோதித்தால் இருக்கத்தானே செய்யும்? அவரிடமிருந்து இரைச்சல் எடுத்துக்கொண்டதைவிட, இரைச்சலுக்கு அஞ்சி அவரே விட்டுக்கொடுத்தவை அதிகம் என்பது என் எண்ணம். வாசிப்பவர்களாகிய நமக்கு இந்த இழப்பின் அளவு எளிதில் விளங்கும்.

உளவியல் சிகிச்சை இந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றப் பார்க்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் நோயாளி தம் எண்ணங்களை எழுதிப் பார்க்கிறார். “இது என்னைப் பைத்தியமாக்கிவிடும்”, “இனி நிம்மதியே இல்லை” போன்ற வாக்கியங்கள் அனுபவத்தோடு வைத்துச் சரிபார்க்கப்படுகின்றன. தவிர்த்து வந்த இடங்களுக்கும் செயல்களுக்கும் படிப்படியாகத் திரும்புகிறார். உடலைத் தளர்த்தவும், கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தவும் பயில்கிறார். தூக்கம் வராமல் படுக்கையில் புரண்டு கிடக்காமல் எழுந்து, தூக்கம் வந்தபின் திரும்பப் படுக்கும் ஒழுங்கும் இதில் உண்டு. இவற்றோடு, மின்விசிறி அல்லது மழையின் ஒலியைப் போன்ற ஒன்றை மெலிதாக ஓடவிடுவதும் பலருக்கு உதவுகிறது. இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வேண்டியதில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

இதற்குச் சான்று என்ன என்று கேட்பது நியாயம். 2012இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 492 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், இம்முறையை மையமாக வைத்துப் படிப்படியாக அளித்த சிகிச்சை, வழக்கமான சிகிச்சையைவிட நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தியது. 2020இன் காக்ரேன் தொகுப்பாய்வு 28 ஆய்வுகளையும் 2,733 பேரையும் எடுத்துக்கொண்டு, காதிரைச்சல் வாழ்வின்மேல் செலுத்தும் பாதிப்பை இச்சிகிச்சை குறைக்கக்கூடும் என்று முடிவுசெய்தது. 2017இல் லண்டனில் 75 பேரிடம் நடந்த சோதனையில், மைண்ட்ஃபுல்னெஸ் வழியிலான எட்டு வாரப் பயிற்சி, தளர்வுப் பயிற்சியைவிடக் கூடுதலான பலனைத் தந்தது. அதில் நோயாளி மூச்சைக் கவனிப்பதில் தொடங்கி, கடைசியில் எந்த ஒலியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தாரோ அந்த ஒலியையே விருப்பு வெறுப்பின்றிக் கவனிக்கப் பழகுகிறார்.

எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். இச்சிகிச்சைகள் ஒலியை நிறுத்துவதில்லை. பெரும்பாலும் அதன் அளவைக்கூடக் குறைப்பதில்லை. நீண்டகாலப் பலனைப் பற்றிய சான்றுகள் குறைவு. புகழ்பெற்ற வழிமுறைகள் எல்லாம் சோதனையில் தேறியவையும் அல்ல. யாஸ்ட்ரெபாஃபின் மாதிரியை அடியொற்றிய மறுபயிற்சிச் சிகிச்சை, 2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் வழக்கமான நல்ல சிகிச்சையைவிட மேலானதாக நிற்கவில்லை. எனினும், ஒரே வாரத்தில் இரைச்சலை நிறுத்துவதாக விளம்பரம் செய்யும் சொட்டு மருந்துகளையும் மாத்திரைகளையும் காட்டிலும் இது நேர்மையானது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அமைப்பின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஜிங்கோ, மெலட்டோனின், துத்தநாகம் முதலியவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும், தொல்லை நீடிப்பவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பரிந்துரைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது: “மனநல ஆலோசகரிடம் போகச் சொன்னால், எனக்குக் கேட்பது கற்பனை என்கிறீர்களா?” இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ‘மனப்பிரமை’ என்ற சொல்லை நாம் அத்தனை அலட்சியமாக வீசியிருக்கிறோம். ஆனால் ஒலி உண்மை. அது நரம்பில் பிறக்கிறது. அந்த ஒலியோடு நமக்கு ஏற்படும் உறவு மனத்தில் பிறக்கிறது. இரண்டாவதற்குச் சிகிச்சை செய்வதால் முதலாவது பொய்யாகிவிடாது. பிள்ளைப்பேற்றின்போது மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறவர் வலியே இல்லை என்று சொல்வதில்லையே.

இரண்டாவது மறுப்பு இலக்கியவாதிகளிடமிருந்து வரக்கூடியது: இது விதியை ஏற்றுக்கொள் என்னும் பழைய உபதேசம்தானே? செக் இசைக்கலைஞர் ஸ்மெதானா 1874இல் கேட்கும் திறனை இழந்தார். அந்த அழிவுக்கு முன்னறிவிப்பாகத் தம் காதில் ஒலித்த கூரிய விசிலை, 1876இல் எழுதிய ‘என் வாழ்விலிருந்து’ என்னும் நால்வர் இசையின் இறுதிப் பகுதியில் வயலினின் ஒற்றை உச்ச ஸ்வரமாக வைத்தார். உற்சாகமாக ஓடிக்கொண்டிருக்கும் இசை நின்றுபோக, அந்த ஒரு ஸ்வரம் மட்டும் நீண்டு ஒலிக்கும். அவர் அதோடு சமாதானமாகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். 1884இல் பிராகின் மனநலக் காப்பகம் ஒன்றில்தான் இறந்தார். ஆனால் அந்த ஒலி தன் வேலையை நிறுத்தட்டும் என்று காத்திராமல் அதையும் வைத்துக்கொண்டே தம் வேலையைச் செய்தார். ஏற்பு என்று உளவியலாளர்கள் சொல்வது ஏறத்தாழ இதைத்தான். விதியை நம்புகிறவன் கையைக் கட்டிக்கொள்கிறான். இங்கே கை வேலைக்குத் திரும்புகிறது.

ஆகவே மருத்துவர்களிடம் என் வேண்டுகோள், அந்த வாக்கியத்தை முடித்துவையுங்கள் என்பதே. ஒரு பக்கக் காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ, திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தாலோ உரிய சோதனைகளைச் செய்யுங்கள். மூன்றாவதில் ஒவ்வொரு நாளும் முக்கியம். கேள்திறன் குறைந்தவருக்குச் செவிக்கருவி இரைச்சலையும் தணிக்கக்கூடும் என்று சொல்லுங்கள். வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று தயங்காமல் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், “இதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ளலாம், அதற்குப் பயிற்சி இருக்கிறது, சில மாதங்கள் பிடிக்கும், இன்னாரிடம் போங்கள்” என்று சொல்லுங்கள். கூடுதலாக அரை நிமிடம் ஆகும். அந்தப் ‘இன்னார்’ நம் மாவட்டங்களில் போதிய எண்ணிக்கையில் இல்லை என்பது உண்மை. கேட்டு வருகிறவர்கள் பெருகினால்தான் அவர்களும் பெருகுவார்கள்.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. காதில் ஏதோ கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் சிரிக்காமல், பிரமை என்று தள்ளாமல், என்ன கேட்கிறது என்று கேட்கலாம். அந்த ஆசிரியர் இப்போது மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து மீண்டும் வாசிக்கிறார். இரைச்சல் போயிற்றா என்று சென்ற மாதம் விசாரித்தேன். “இருக்கிறது, நீங்கள் கேட்டதும் ஞாபகம் வந்தது” என்றார்.