பள்ளிப் பணமும் பள்ளி ஆட்சியும்

பெரியநாயக்கன்பாளையம் செல்வோர் ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தைக் காணாது மீளார். 1930-ல் தி. சு. அவிநாசிலிங்கம் அவர்கள் தொடங்கிய அந்நிலையம் கொடையாளர் பலரின் கைப்பொருளால் வளர்ந்தது. சுற்றூர்களின் அரசினர் உயர்நிலைப் பள்ளிகளுக்கோ அத்தகைய புரவலர் இலர். கருவூலம் ஒன்றே கதி. அக்கருவூலத்தின் கதவு அடைபடின் அவை யாரிடம் முறையிடும்?

இவ்வினா வெறுங் கற்பனையன்று. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் செலவை நடுவணரசும் மாநில அரசும் 60:40 என்னும் விகிதத்தில் பகிர்தல் வேண்டும். 2024-25-ஆம் ஆண்டிற்குத் தமிழ்நாடு பெறவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட உடன்படிக்கையில் மாநிலம் கையொப்பமிடவில்லை என்று கூறி, நடுவணரசு அவ்வாண்டு விடுவிக்கவில்லை. அவ்வுடன்படிக்கையோ 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்குமாறு கோருவது. மும்மொழி வேண்டா என்பது மாநிலத்தின் உறுதி. 2025 மே மாதத்தில் வழக்கு உச்சநீதிமன்றம் ஏறிற்று.

மொழிப் பூசலில் எமக்கும் ஒரு பக்கம் உண்டு; தமிழ் பயில்வார் எப்பக்கம் நிற்பர் என்று சொல்லவும் வேண்டுமோ! ஆயினும் பிணக்கு இரண்டு அரசுகளுக்கு இடையது, பணமோ பிள்ளைகளுடையது. ஓவியம், தையல், உடற்பயிற்சி கற்பிக்க 2012-ல் அமர்த்தப்பெற்ற பகுதிநேர ஆசிரியரின் சிறு ஊதியமும், ஊனமுற்ற பிள்ளைகளுக்குரிய தனிப் பயிற்சியும் இத்திட்டத்தைச் சார்ந்தவை. உடன்படிக்கை எழுதும் மேசையருகே இவர்களை அழைத்தவர் எவர்?

ஜில்லா போர்டுகள் உயர்நிலைப் பள்ளிகளை நடத்திய காலத்தில், குறை நேரின் போர்டு மெம்பரைச் சந்தைக்கடையில் நிறுத்தியே கேட்டிருக்கலாம். அங்கும் கட்சியும் சிபாரிசும் இருந்தன. அக்காலத்தைப் பொற்காலமென்று யாம் புகலோம். இன்று 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுக்கள் உள. அவற்றில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; பாதிப்பேர் பெண்டிர். சட்டம் நன்றே. ஆனால் குழு தீர்மானம் இயற்றும். பணம் பிறிதோரிடத்தில் இருக்கும்.

எம் கோரிக்கை பெரிதன்று. புதுத் திட்டங்களுக்கு நிபந்தனை விதிப்பின் விதிக்கட்டும். நடப்புச் செலவிற்குரிய பங்கு, மாணவர் தொகைக்கேற்ப, குறித்த நாளில் வந்து சேருமாறு சட்டமே வகுத்தல் வேண்டும். வந்த தொகை, வராத தொகை இரண்டையும் குழுக் கூட்டத்தன்று கரும்பலகையில் எழுதிவைத்தல் வேண்டும். அக்கூட்டமும், நூற்பாலையில் பகல் ஷிப்டு முடித்துவரும் தாய்மார் அமரக்கூடிய மாலைப் பொழுதில் நடைபெறுதல் வேண்டும்.