டோர் பேட் கிளிப் உடைஞ்சதுக்கு 6 லட்சம் லோனா?



போன மாசம் சித்தி பையன் வீட்டுக்கு வந்திருந்தான். சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை. கைக்கு வர்ற சம்பளம் 52,000.

"அண்ணா, காரை மாத்திடலாம்னு இருக்கேன். 6 லட்சம் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பேப்பரைப் பாத்துடுங்க."

"இப்ப இருக்கிற வண்டிக்கு என்னடா?"

"உள்ள உக்காரவே பிடிக்கலண்ணா. ஆபீஸ் ஆளுங்களை ஏத்திட்டுப் போகவே வெக்கமா இருக்கு."

கீழ போய் பார்த்தேன். 2016 மாடல் சின்ன கார், 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. இன்ஜின் சரி, ஏசி சரி, டயர் போன வருஷம் மாத்தினது. ஆனா உள்ள? ரூஃப் லைனிங் பின் சீட்டுக்கு மேல தொங்குது. டிரைவர் பக்க டோர் பேட் கிளிப் விட்டுப்போய் கடகடன்னு ஆடுது. க்ளவ் பாக்ஸ் மூடியோட கொக்கி உடைஞ்சு, செலோடேப் போட்டு ஒட்டியிருக்கான். ஆர்ம் ரெஸ்ட்ல ஒரு விரிசல். அவ்வளவுதான்.

முதல்ல லோன் கணக்கைப் பார்ப்போம். 6 லட்சம், 9% வட்டி, 7 வருஷம். மாசம் இஎம்ஐ சுமார் 9,650 ரூபாய். மொத்தம் கட்டப்போறது 8.1 லட்சம். வட்டி மட்டும் 2.1 லட்சம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் பயன்படுத்துற தேய்மானக் கணக்குப்படி, 4 வருஷம் தாண்டின காருக்கு விலையில பாதியைக் கழிச்சிடுவாங்க. அதாவது, காரோட மதிப்பு பாதியாகும்போது லோன் இன்னும் ரெண்டு மூணு வருஷம் பாக்கி இருக்கும்.

இதெல்லாம் எதுக்காக? உடைஞ்ச கொக்கிக்காகவும் தொங்குற துணிக்காகவும்.

என் கருத்து இதுதான்: காரோட உள்பக்கம் அசிங்கமா இருக்கிறது ஒரு ரிப்பேர் பிரச்சனை. அதை கார் மாத்துற பிரச்சனையா நினைக்க ஆரம்பிச்சா பர்ஸ் காலி. வண்டி மாத்த நல்ல காரணங்கள் உண்டு. இன்ஜின் செலவு வைக்குது, குடும்பம் பெருசாகுது, பாதுகாப்பு அம்சங்கள் வேணும்னா தாராளமா மாத்துங்க. வெக்கம் அந்த லிஸ்ட்ல கிடையாது.

இன்சூரன்ஸ்ல பண்ணிடலாமே?

இதுதான் தம்பியோட அடுத்த கேள்வி. நாள்பட தேய்ஞ்சதுக்கு, வெயில்ல கெட்டதுக்கு மோட்டார் பாலிசியில க்ளெய்ம் கிடையாது. ஏதாவது திடீர் விபத்துல உடைஞ்சிருந்தாதான் பேச்சே. சரி, அப்படித்தான் உடைஞ்சதுன்னே வெச்சுக்குவோம்.

புது டோர் பேட் 5,000, கூலி 800ன்னு எடுத்துக்கலாம். பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% தேய்மானம் கழிப்பாங்க, 2,500 போச்சு. 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்கு கட்டாயமா நாம ஏத்துக்க வேண்டிய தொகை 1,000. கைக்கு வர்றது 2,300.

இப்ப என்சிபியைப் பாருங்க. 5 வருஷம் க்ளெய்ம் பண்ணாம இருந்தா, ஓன் டேமேஜ் பிரீமியத்துல 50% தள்ளுபடி. பிரீமியம் 6,000ன்னா வருஷம் 3,000 மிச்சம். ஒரு க்ளெய்ம் போட்டா அது பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடி 20, 25, 35, 45ன்னு ஏறணும். பிரீமியம் மாறாம இருந்தாகூட, திரும்ப 50% வர்றதுக்குள்ள நீங்க கூடுதலா கட்டுறது: 3,000 + 1,800 + 1,500 + 900 + 300 = 7,500 ரூபாய். ஜிஎஸ்டி தனி.

2,300 வாங்கறதுக்கு 7,500 இழப்பு. ஜீரோ டெப் எடுத்திருந்தா தேய்மானம் மட்டும்தான் மிச்சம். என்சிபியைக் காப்பாத்த தனி ஆட்-ஆன் இல்லைன்னா அது போனது போனதுதான்.

எதை நாமே பண்ணலாம், எதைத் தொடக்கூடாது

"எல்லாத்தையும் நீங்களே பண்ணுங்க"ன்னு நான் சொல்லமாட்டேன். காரணம், நானே சூடு பட்டவன். ஆறேழு வருஷம் முன்னாடி க்ளவ் பாக்ஸ் கீலை ஒட்டறேன்னு 5 ரூபா சூப்பர் க்ளூவை ஊத்தி, சுத்தி எல்லாம் வெள்ளையா பூத்துப்போச்சு. அதுக்கப்புறம்தான் ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். பிளாஸ்டிக் பாகத்தைக் கழட்டி பின்னாடி பார்த்தா, அது என்ன பிளாஸ்டிக்னு பொறிச்சிருக்கும். ஏபிஎஸ்னு இருந்தா பசை பிடிக்கும். பிபின்னு இருந்தா சாதாரண பசை எதுவும் நிக்காது. இந்த ஒரு எழுத்தைப் பார்த்துட்டு கடைக்குப் போனாலே பாதிப் பணம் மிச்சம்.

டோர் பேட் கிளிப் நாமே பண்ணக்கூடிய வேலை. கைப்பிடிக் குழிக்குள்ளயும் சின்ன மூடிகளுக்குப் பின்னாடியும் ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும். அதையெல்லாம் கழட்டிட்டு, பிளாஸ்டிக் நெம்புகோலால கீழ ஓரத்துலேர்ந்து மெதுவா நெம்பணும். ஸ்க்ரூ டிரைவரால நெம்பினா பெயின்ட்டும் போகும், பேடும் போகும். பவர் விண்டோ ஒயர் கப்ளரைக் கழட்டாம இழுக்காதீங்க. உள்ள ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒழுங்கா ஒட்டுங்க, இல்லைன்னா மழைத்தண்ணி உள்ள வந்துடும்.

ரூஃப் லைனிங்கை கடைக்கே விட்டுடுங்க. துணிக்குப் பின்னாடி இருக்கிற ஃபோம் வெயில்ல பொடியா உதிர்றதாலதான் அது தொங்குது. பொடி மேல பசை அடிச்சா ஒரு வாரம்கூட நிக்காது. போர்டையே இறக்கி, பழைய ஃபோமைச் சுரண்டி, புதுத் துணி ஒட்டணும்.

ஏர்பேக் இருக்கிற இடத்துல கை வைக்கவே கூடாது. ஸ்டீயரிங், டேஷ்போர்டோட பயணி பக்க மேல்பகுதி, கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரா இருந்தா ஜன்னலுக்கு மேல ஓரம், கதவுத் தூண் கவர். சீட்ல சைடு ஏர்பேக் இருந்தா சாதாரண சீட் கவரும் போடக்கூடாது. இங்க மிச்சம் பிடிக்கிற 500 ரூபாய்க்கு அர்த்தமே இல்லை. கம்பெனி லீஸ்ல எடுத்த காரா இருந்தா, எதையும் கழட்டறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்தைப் படிங்க.

கடைசியில என்ன செலவாச்சு?

ஒரு ஆக்சசரீஸ் கடையில தம்பி கேட்டப்ப, சீட் கவர், ஃப்ளோர் மேட் எல்லாம் சேர்த்து 18,500 "பேக்கேஜ்" சொன்னாங்க. நாங்க பண்ணது:

- கிளிப் பாக்கெட்: 160
- பிளாஸ்டிக் நெம்புகோல் செட்: 250
- புதுப்பேட்டையில பழைய க்ளவ் பாக்ஸ் மூடி: 450
- ஜிபி ரோட்டுல ரூஃப் லைனிங், கூலியோட: 2,800

மொத்தம் 3,660 ரூபாய், ரெண்டு ஞாயிற்றுக்கிழமை. ஆர்ம் ரெஸ்ட் விரிசலை பசை போட்டு ஒட்டிப் பார்த்தோம். பிபி பிளாஸ்டிக், நாலாவது நாள் விட்டுப்போச்சு. அது இன்னும் அப்படியேதான் இருக்கு. கை வைக்கும்போது குத்தலை, அதனால விட்டுட்டோம். எல்லாத்தையும் சரி பண்ணியே ஆகணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே.

"உங்க ஒரு மணி நேரத்தோட மதிப்பு என்ன? அதைவிடக் கம்மியான வேலையை நீங்க செய்யாதீங்க"ன்னு சில ஃபைனான்ஸ் ஆளுங்க சொல்வாங்க. தனியா ப்ராக்டீஸ் பண்றவங்களுக்கு அது சரியா இருக்கலாம். மாசச் சம்பளக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை யாரும் பில் போட்டுப் பணம் தரப்போறதில்லை. அந்த ரெண்டு மணி நேரத்துல நீங்க ரீல்ஸ் பார்த்திருப்பீங்க, அவ்வளவுதான். அதே நேரம், 160 ரூபா கிளிப் மாட்ட 4,000 ரூபாய்க்கு டூல் கிட் வாங்கினா அதுவும் சேமிப்பு கிடையாது. அது ஹாபி. ஹாபின்னு ஒத்துக்கிட்டு வாங்குங்க.

தம்பி லோனை வேண்டாம்னு சொல்லிட்டான். ஆனா அதோட நான் விடலை. கட்டத் தயாரா இருந்த அந்த 9,650ல 5,000ஐ இப்ப மாசாமாசம் தனி ஆர்டியில போடுறான். வண்டி நிஜமாவே தேயும்போது அடுத்த காருக்கு அது டவுன் பேமென்ட். இதைச் செய்யலைன்னா "மிச்சம் பிடிச்சேன்"ங்கிறது வெறும் வாய்ப்பேச்சு, அந்தப் பணம் ஸ்விக்கியில கரைஞ்சிருக்கும்.

நீங்களும் கார் மாத்துற யோசனையில இருந்தா, ஷோரூம் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரோட உங்க கார்ல போய் உக்காருங்க. என்னென்ன பிடிக்கலைன்னு எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ரிப்பேர் விலையைப் போடுங்க. கூட்டிப் பார்த்துட்டு அப்புறம் லோன் பேப்பரை எடுங்க.