காதுக்கு ஏது அப்டேட்?

பாட்டு கேட்கும் பிளேயரை அப்டேட் செய்யலாமா, வேண்டாமா என்று நாகேஸ்வர ராவ் பூங்காவில் உடன் நடக்கும் நண்பர் கேட்டார். "செய்யுங்க சார், ஆனா நகல் எடுத்து வெச்சுட்டுச் செய்யுங்க" என்றேன். பட்டவன் சொன்ன பதில் அது.

எந்த ஹெட்ஃபோனும் எல்லா ஒலியையும் ஒரே அளவில் தருவதில்லை. ஒன்று அடிநாதத்தை ஊதிப் பெருக்கும். இன்னொன்று உச்சத்தில் குத்தும். ஒவ்வொரு மாடலையும் செயற்கைக் காதில் மாட்டி அளந்து, எங்கே எத்தனை டெசிபெல் கூட்டுவது, குறைப்பது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். யாக்கோ பசனென் தொடங்கிய ஆட்டோஈக்யூவில் ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு இது இலவசம். பிளேயரில் ஒரு பிளக்-இன் சேர்த்து ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். ரிட்சி தெருவில் வாங்கிய என் ஹெட்ஃபோனுக்குப் பேரன் செய்து கொடுத்தான்.

அன்று எம்.டி. ராமநாதன் கேட்டேன். டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யர், கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்தவர், தாழ்ந்த சுருதி. அதுவரை குடத்துக்குள்ளிருந்து வந்த குரல் வெளியே வந்தது. தம்புராவின் ரீங்காரமும் தனியாகக் கேட்டது.

சில மாதம் கழித்து பிளேயர் அப்டேட் கேட்டது. 'சரி' என்று அழுத்தினேன். மறுபடியும் குடம்! 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறியதில் பழைய பிளக்-இன் ஏறவில்லை. எனக்கு அது தெரியாது. காது போய்விட்டது என்று நினைத்து மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். கடைசியில் பயந்துகொண்டே டெஸ்டுக்குப் போனேன்.

காதிலும் குறை இருந்தது. உயர்ந்த அதிர்வெண்களில் இரண்டு பக்கமும் சரிவு, வயதின் வேலை. ச, ஸ, ஷ எல்லாம் தெளிவது அங்கேதானாம். வீட்டில் "டிவி சத்தத்தைக் குறையுங்கோ" என்று தினமும் சண்டை நடந்ததன் காரணம் அன்றுதான் புரிந்தது. புதிய பிளக்-இன்னை ஏற்ற பேரனுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. காது மெஷின் வாங்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அது என் தப்பு.

என் கருத்து இதுதான். பிளக்-இன் ஹெட்ஃபோனைத் திருத்தும், காதைத் திருத்தாது. கண்ணாடி போட வெட்கப்படாத நாம் காது மெஷினுக்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறோம்? அதற்குப் பதில் சத்தத்தைக் கூட்டினால் மிச்சமிருக்கும் காதும் போகும்.

அப்டேட் செய்பவர்களுக்கு, குமாஸ்தா புத்தியில் நாலு வார்த்தை. முதலில் செட்டிங்ஸ் ஃபோல்டரை நகல் எடுங்கள். அப்டேட் முடிந்ததும், நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் பிளக்-இன் போட்டும் போடாமலும் கேளுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அது ஏறவில்லை. விண்டோஸில் ஒரு திருத்தம், பிளேயரில் ஒரு திருத்தம் என்று இரட்டிப்பாக்காதீர்கள். எங்காவது 6 டெசிபெல் கூட்டியிருந்தால், ப்ரீஆம்பை அதே அளவு குறையுங்கள். இல்லாவிட்டால் உச்சத்தில் குரல் கிழியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பர் பிளேயரைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. காது டெஸ்ட் எங்கே எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.