நிமிரச் சொல்லாதீர்கள்

ஆங்கிலத்தில் 'அப்ரைட்' என்றொரு சொல் இருக்கிறது. நேராக நிற்பது என்று ஓர் அர்த்தம், நேர்மையானது என்று இன்னோர் அர்த்தம். நட்டுவைத்த தூணும் அப்ரைட், நின்ற வாக்கில் செய்த பியானோவும் அப்ரைட், லஞ்சம் வாங்காத நீதிபதியும் அப்ரைட். தமிழிலும் இதே கதைதான். நேரிலிருந்துதான் நேர்மை வந்தது. வளையாத கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். புத்தி கெட்டால் கோணல் புத்தி. நேராக இருப்பது நல்லது, வளைந்தது கெட்டது என்று மொழியே தீர்ப்பு எழுதிவைத்திருக்கிறது. இடது காலில் காலிப்பரும் கக்கத்தில் கட்டையுமாக நடமாடுகிற நான் இந்தத் தீர்ப்பை வாசிக்காமல் எந்தத் தெருவையும் கடந்ததில்லை.

நான் ஆய்க்குடிக்காரி. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி என்றால் முருகன் கோவிலுக்கு அடுத்து எல்லோரும் சொல்வது அமர் சேவா சங்கம். அதை 1981இல் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிற யாரும் 'அப்ரைட்' என்று தயங்காமல் எழுதலாம். படிக்கிறவர் எவரும் 'அவர்தான் நிற்பதில்லையே' என்று கேட்க மாட்டார். அந்தச் சொல் அங்கே உடம்பைவிட்டுக் கிளம்பிக் குணத்துக்குப் போய்விட்டது. போக வேண்டியதுதான்.

பெண்ணுக்கு அது கிளம்புவதே இல்லை என்பதுதான் என் வழக்கு.

என் இருபத்து நான்காவது வயதில் பெண் பார்க்க வந்தார்கள். காப்பி ஆறுவதற்குள் மாப்பிள்ளையின் அத்தை எங்கள் ஆச்சியிடம், "பிள்ளைய கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க" என்றார். ஆச்சி என் பக்கம் திரும்பி, "ஏட்டி, நேரா நில்லு, அப்புறம் நட" என்றாள். என்ன படித்திருக்கிறேன் என்று கேட்கவில்லை. பொய் சொல்வேனா, வாங்கிய கடனைத் திருப்பித் தருவேனா என்றும் கேட்கவில்லை. என் நேர்மை வாசலிலிருந்து அடுப்படி வரைக்குமான பதினோரு எட்டில் இருந்தது. காலிப்பர் இல்லாத பெண்களையும் நடக்கவிட்டுத்தான் பார்க்கிறார்கள். எனக்கு நடந்தது அதில் கொஞ்சம் சத்தம் கூடியது, அவ்வளவுதான்.

'அப்ரைட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய கணக்கு ஒன்றையும் பார்த்துவிடுவோம். 1560களில் தாமஸ் ஹார்மன் என்ற இங்கிலாந்து நிலக்கிழார் அங்கே சுற்றித் திரிந்த நாடோடிக் கூட்டங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தக் கூட்டங்களின் குழூஉக்குறியில் 'அப்ரைட் மேன்' என்றால் தலைவன். கூட்டத்திலுள்ள இளம்பெண்கள்மேல் முதல் பாத்தியதை அவனுக்குத்தான் என்று ஹார்மன் எழுதுகிறார். பிச்சைக்காரர்களைப் பற்றி நிலக்கிழார் எழுதியதை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் அந்தச் சொல் பதிவாகியிருக்கிறது. நேராக நிற்பவன் என்றால் அதிகாரம் உள்ளவன், அவன் கைக்கு எட்டுவது பெண்.

நம் கதைகளுக்கு வருவோம். எட்டுக் கோணல் உடம்போடு ஜனகரின் சபைக்குப் போன அஷ்டாவக்கிரர் வாதத்தில் வென்று ஞானியானார். கூன் பாண்டியனின் முதுகைச் சம்பந்தர் நிமிர்த்தியதும் அவன் நின்றசீர் நெடுமாறனாகி நாயன்மார் வரிசையில் சேர்ந்தான். முதுகோடு பேரும் நிமிர்ந்தது. மந்தரைக்கு என்ன கிடைத்தது? கூனி என்பதே பேராகிவிட்டது. சிறுவயதில் இராமன் வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள் கூனில் அடித்ததைக் கம்பர் சொல்கிறார். நாம் அதைக் குழந்தை விளையாட்டு என்று ரசித்துவிட்டு, அவள் மனதில் வைத்திருந்த கோபத்தை மட்டும் வஞ்சகம் என்கிறோம். மதுராவின் கூனிக்குக் கண்ணன் வந்து மோவாயைத் தூக்கி நிமிர்த்தியதும் அழகு வருகிறது. முதுகு வளைந்த பெண் ஒன்று சூழ்ச்சிக்காரி, இல்லாவிட்டால் ஒருவன் வந்து நிமிர்த்தும்வரை காத்திருப்பவள். வளைந்த உடம்போடே வாதாடி ஜெயித்தவள் ஒருத்தியை நம் கதைகளில் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் பழைய ஆண்கள் எழுதியது என்று தோழிகள் சொல்லலாம். அப்படியானால் நம்முடைய மேடைக்கு வாருங்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண்ணியக் கருத்தரங்குக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கூட்டம் மாடியில். லிப்ட் இல்லை. இருபத்திரண்டு படி. மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிட்டுப் பார்த்தால் பேனரில் 'நிமிர்ந்து நில் பெண்ணே'. பின்னணியில் பாரதி, மீசையோடு. சக்கர நாற்காலியில் வந்திருந்த என் சிநேகிதியை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கியவர்களில் ஒருவர் இடுப்பைப் பிடித்த விதத்தை அவள் அன்றைக்கே என்னிடம் சொன்னாள். அமைப்பாளர்களிடம் சொன்னபோது, "இடம் கிடைப்பதே கஷ்டம் தோழர்" என்றார்கள். கஷ்டம்தான். எனக்கும் தெரியும்.

பாரதி மேல் எனக்குக் கோபமில்லை. புதுச்சேரியை விட்டு வந்தபிறகு 1918 முதல் 1920 வரை செல்லம்மாளின் ஊரான கடையத்தில் இருந்தவர், எங்கள் பக்கத்துக்காரர் என்ற பாசமும் உண்டு. குனிந்த தலை நிமிராமல் போய்வருவதே பெண்ணுக்கு லட்சணம் என்றிருந்த ஊரில் 'புதுமைப் பெண்'ணை நிமிர்ந்து நடக்கச் சொன்னது பெரிய காரியம். ஆனால் அவர் ஒரு கட்டளைக்கு எதிராகச் சொன்னதை நாம் இன்னொரு கட்டளையாக்கிவிட்டோம். குனி என்றார்கள், இப்போது நிமிர் என்கிறோம். இரண்டுமே முதுகைப் பார்த்துச் சொல்வது.

கடையத்திலிருந்து தென்காசிவரை எத்தனை வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள் என்று பஸ்ஸில் போனாலே தெரியும். மடியில் தட்டு, கழுத்து மடங்கி, கண் இலையில். குனிந்த தலை நிமிராத பெண் என்றால் நிஜத்தில் இவர்கள்தான். நிமிர்ந்தால் எண்ணிக்கை குறையும், கூலி குறையும். ஆய்க்குடி வயல்களில் நடவுக்குப் போகிறவர்கள் நாள் முழுக்க இடுப்பை மடித்தே இருக்கிறார்கள். என் அம்மா இரண்டும் செய்தவள். ஐம்பத்தைந்து வயதில் அவள் முதுகு விழுந்துவிட்டது. அவளிடம் போய் 'நிமிர்ந்து நில்' என்றால் உங்கள் பேனரை மடித்துப் பாயாகப் போட்டுப் படுத்துக்கொள்வாள்.

உருவகத்தைப் போய் இப்படிப் பிடித்துக்கொள்ளலாமா என்பார்கள். இத்தாலியப் பெண்ணியத் தத்துவவாதி அட்ரியானா கவரேரோ இந்த 'நேராக நிற்கும் மனிதன்' என்ற உருவகத்தைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். யாரையும் சாராமல் தூண்போல நிற்கிறவன்தான் முழு மனிதன் என்ற தத்துவத்தை எதிர்த்து, இன்னொருவர் பக்கம் சாய்வதையும் மனித நிலையாக எண்ணச் சொல்கிறார். எனக்கு அதில் பாதி சம்மதம். மீதிப் பாதியில் சந்தேகம். சாய்வதற்கு அவர் காட்டும் படம் குழந்தையை நோக்கிக் குனிந்த தாய். குனிகிற வேலையைத் திரும்பவும் தாய் தலையில் கட்டவா? நான் சாய்வது கட்டையின் மீது. என் கட்டை எனக்குக் குழந்தையும் இல்லை, தாயும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போக அது வேண்டும்.

சிலருக்காக ஒரு நல்ல கோஷத்தை விடுவதா என்றும் கேட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிப் பெண்கள் சுமார் 1.18 கோடி. பீடித் தட்டிலும் நடவு வயலிலும் முதுகு போனவர்கள் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வரமாட்டார்கள். அவர்களையும் சேர்த்துவிட்டு, சிலர் என்று சொல்லுங்கள்.

நேர்மை என்ற சொல்லை நான் விட்டுத்தர மாட்டேன். அது என் முதுகைக் கேட்காமல் என் பேச்சையும் நடத்தையையும் கேட்கட்டும், ஆணுக்குக் கேட்பதுபோல. நிமிர்ந்து நில் என்பதை எடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடிக்கும்போது தலைப்புக்குப் பாரதியிடம் போகுமுன், எந்த மாடி, எத்தனை படி, கைப்பிடி உண்டா, கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்று நான்கு வரி போடுங்கள். என் சிநேகிதி அதைப் படித்துவிட்டு வருவதா வேண்டாமா என்று முடிவுசெய்துகொள்வாள்.